எனெலெசி நம்பாத கணக்கு

எனெலெசி யாரையும் லேசில் நம்புகிற பெண் அல்ல. சந்தையில் தக்காளிக் கூறு வாங்கினால், மேலே பளபளவென்று இருப்பதை ஒதுக்கிவிட்டு அடியில் கிடப்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பாள். மழை வரும் என்று வானொலி சொன்னால் அன்றைக்குத்தான் சோளத்தை முற்றத்தில் பரப்புவாள். போதகர் அருமையாகப் பிரசங்கம் செய்துவிட்டால், இந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணிவிட்டு இப்படி உருகுகிறார் என்று வீடு வரும்வரை யோசிப்பாள். சொர்க்கத்துக்குப் போனாலும் வாசலில் நிற்கிற தேவதூதனிடம் 'உன் அடையாள அட்டையைக் காட்டு' என்பாள் என்று தெற்கு மலாவியின் மிலோங்கே ஊரில் அவளைக் கேலி பேசுவார்கள். அது அவளுக்கும் தெரியும். கேலி பேசியது யார் யார் என்பதையும் ஞாபகம் வைத்திருப்பாள்.

அவளுக்குச் சோறு போடுவதே இந்தச் சந்தேகப் புத்திதான். மிலோங்கே சுகாதார நிலையத்தில், எச்.ஐ.வி. உள்ளவர்கள் வந்து மாத்திரை வாங்குகிற கிளினிக்கில் அவள் துணையாள். நர்ஸ் அல்ல, பெரிதாகப் படித்தவளும் அல்ல. தானும் அதே கிருமியோடு வாழ்கிறவள், அதே மாத்திரையை விழுங்குகிறவள் என்பதுதான் அவளுடைய ஒரே தகுதி. நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து பேசுவது, வராமல் போனவர்களைத் தேடிப் போவது, கொண்டுவந்த மாத்திரையை எண்ணுவது எல்லாம் அவள் வேலை. நர்ஸிடம் பொய் சொல்கிறவர்கள் அவளிடமும் பொய்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பொய்கள் அத்தனையும் அவள் தன் வாயாலேயே ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தவை.

கிளினிக் நாளில் காலையில் எல்லோரும் தாழ்வாரத்துப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகு எனெலெசி எழுந்து இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசுவாள்.

"என் பேரு எனெலெசி. பதினேழு வருஷமா இந்த மாத்திரைய முழுங்குறேன். ஒரு நாள்கூடத் தவறினது இல்ல. என்னப் பாருங்க, ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கேன். நான் இருக்கிற மாதிரி நீங்களும் இருக்கலாம்."

எல்லோரும் கை தட்டுவார்கள். தட்டிக்கொண்டே சிலர் அவளுடைய கொழுத்த கைகளைப் பார்த்து, இந்த உடம்பிலா வியாதி இருக்கிறது, சம்பளத்துக்கு நடிக்கிறாள் என்று முணுமுணுப்பார்கள். அதுவும் அவள் காதில் விழும். விழாத மாதிரி உட்கார்ந்துகொள்வாள்.

அவளுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. வீடு தேடிப் போவதற்காகக் கிளினிக்கில் ஒரு பச்சை சைக்கிள் கொடுத்திருந்தார்கள். கொடுத்த புண்ணியவான் யாரோ, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பச்சையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சைக்கிள் எந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றதோ, அந்த வீட்டில் 'அது' இருக்கிறது என்று மறுநாள் கிணற்றடிக்கே தெரிந்துவிடும். ஆகவே அவள் சைக்கிளைச் சோள மில்லில் நிறுத்திவிட்டு, தலையில் ஒரு தட்டு மத்தெம்பா என்கிற பொடிமீன் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு வியாபாரிபோல் நடந்து போவாள். ஆறு மாதத்தில் அந்தக் குட்டும் உடைந்தது. மத்தெம்பாக்காரி எந்த வீட்டில் நிற்கிறாள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல், ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வரிசையில் இருக்கிற பதினைந்து வீட்டுக்கும் போனாள். உண்மையைச் சொன்னால் ஊரில் பாதிப்பேர் மறுபாதிக்குப் பயந்து ஒளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பாதியிலும் இருந்த பல பேர் அவள் ஏட்டில் இருந்தார்கள். அவள் மூச்சு விடமாட்டாள்.

மாத்திரை எண்ணுவதுதான் அவளுடைய கைதேர்ந்த வேலை. மூன்று மாதத்துக்குத் தொண்ணூறு மாத்திரை, நாளுக்கு ஒன்று. எண்பத்து நான்காம் நாள் திரும்பி வரும்போது டப்பாவில் ஆறு இருக்க வேண்டும். ஆனால் யாருக்கும் ஆறு இருக்காது. எட்டு இருக்கும், பத்து இருக்கும். ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போனபோது டப்பாவை மறந்திருப்பாள். ஒருவன் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான். இன்னொருத்திக்கு மூன்றுதான் இருக்கும், மற்ற மூன்றும் சேற்றில் கொட்டியிருக்கும். இப்படிக் கூடக்குறைய இருந்தால் எனெலெசி திட்டுவாளே தவிர உள்ளுக்குள் நிம்மதியாக இருப்பாள். சரியாக ஆறு இருந்தால்தான் அவள் நெற்றி சுருங்கும். வருகிற வழியில் மிச்சத்தைக் கக்கூஸில் போட்டுக் கணக்கைச் சரிசெய்துகொண்டு வருகிறவர்கள்தான் அப்படிக் கச்சிதமாக வருவார்கள் என்பது அவள் அனுபவம்.

தியாமிகேவுக்கு நான்கு முறையும் சரியாக ஆறு இருந்தது.

இருபத்து மூன்று வயசு, மெல்லிய குரல், தலை நிமிராத பெண். கர்ப்பமாக இருந்தபோது ரத்தம் சோதித்ததில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தேதி தவறாமல் வந்தாள். டப்பா குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்து, துணி முடிச்சில் கட்டிக்கொண்டு வருவாள். மற்ற பெண்கள்போலவே அவளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது எனெலெசிதான். நர்ஸ் சிஸ்டர் முசுக்வா, "பாருங்க, இவளைப் பாத்துக் கத்துக்கங்க" என்று பெஞ்சில் இருந்தவர்களைக் கை தட்ட வைத்தாள். எனெலெசி மட்டும் தட்டவில்லை.

"ஒரு நாள்கூட மறக்கலியா தங்கச்சி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"பிள்ள பெத்த அன்னிக்கும்?"

"அன்னிக்கும் மறக்கலக்கா."

பிரசவ வலியில் தன் பெயரையே மறக்கிற பெண்களை எனெலெசி பார்த்திருக்கிறாள். இவள் மாத்திரையை மறக்கவில்லையாம்.

புருஷன் லஸ்டன் மேல் அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். அவன் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிறவன். பின்னால் மெத்தை வைத்த சைக்கிளில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவான். மனைவியையும் அப்படித்தான் கொண்டுவந்து இறக்குவான். இறக்கிவிட்டுப் போகவும் மாட்டான், உள்ளே வரவும் மாட்டான். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் மாமரத்தடியில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சவாரிக்குக் காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருப்பான். சோதனைக்கு ரத்தம் கொடுக்க வரச்சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. இவன் ஏன் இப்படிக் காவல் காக்கிறான்? இவனுக்குப் பயந்துதான் அவள் மாத்திரையைக் கொட்டுகிறாள் என்று எனெலெசி தனக்குள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் தியாமிகேவின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. நாளுக்கு ஒன்று விழுங்குகிறவள் ரத்தத்தில் இந்நேரம் கிருமி அடங்கியிருக்க வேண்டும். அவளுக்கோ ஏகத்துக்கும் ஏறிக் கிடந்தது.

சிஸ்டர் முசுக்வா காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு நாலு மாசம் ஆச்சு எனெலெசி. ஆறாவது வாரத்துல எடுத்த ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஆனா பால் குடிக்கிற பிள்ள. தாய்க்கு இவ்வளவு ஏறியிருந்தா..."

"தெரியும் சிஸ்டர்" என்றாள் எனெலெசி. அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அவள் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை கருவாட்டுத் தட்டோடு கிளம்பினாள். பச்சை சைக்கிளை மில்லில் நிறுத்தினாள். மில் வைத்திருந்த மச்செம்பா, தியாமிகேவின் தாய்மாமன். மாவு படிந்த புருவத்தைத் தூக்கி, "இன்னிக்கு எந்த வரிசை?" என்று கேட்டார்.

"எந்த வரிசையில கருவாடு தின்னுறாங்களோ அந்த வரிசை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எட்டு வீட்டில் நின்று, யாரும் வாங்காத கருவாட்டுக்கு விலை சொல்லிவிட்டு, ஒன்பதாவதாகத் தியாமிகேவின் வீட்டுக்குள் நுழைந்தாள். லஸ்டன் சவாரிக்குப் போயிருந்தான். தியாமிகே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். எனெலெசியைப் பார்த்ததும் விளக்குமாறு அப்படியே நின்றது.

எனெலெசி வந்த வேலையைச் சொல்லவில்லை. முதலில், "கக்கூஸ் எங்க தங்கச்சி? வயித்த என்னவோ பண்ணுது" என்றாள். உள்ளே போய்க் கைப்பேசி வெளிச்சத்தில் குழியை நன்றாகப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு புள்ளிகூட இல்லை. வெளியே வந்து கோழிக்கூண்டின் அடியில் பார்த்தாள். சாம்பல் குவியலைக் காலால் கிளறினாள். வாழைமரத்தடியில் புதிதாகத் தோண்டிய மண் இருக்கிறதா என்று பார்த்தாள். மாத்திரை கொட்டுகிறவர்கள் எங்கெல்லாம் கொட்டுவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. எங்கும் ஒன்றுமில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற பெண், ஊரான் வீட்டுக் குழியை எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

"தண்ணி குடு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் கவனித்தாள்.

மண் பூசிய சுவரில் கரியால் கோடுகள். ஒரு நேர்க்கோடு, பக்கத்தில் ஒரு சாய்கோடு. மறுபடி நேர்க்கோடு, மறுபடி சாய்கோடு. வரிசை வரிசையாக, கீழிருந்து ஆள் உயரம் வரைக்கும்.

"இது என்ன கோடு?"

தியாமிகே சொம்பை நீட்டியபடி, "அவரு சவாரிக் கணக்கு" என்றாள்.

எனெலெசி தண்ணீரைக் குடித்துக்கொண்டே கோடுகளைப் பார்த்தாள். சவாரியாம். சவாரி என்றால் ஒரு நாள் ஏழு வரும், ஒரு நாள் ஒன்றும் வராது, மழை பெய்தால் மூன்று நாள் வராது. இதுவோ ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. நேர், சாய்வு, நேர், சாய்வு. முதலில் அவளுக்கு வேறு மாதிரி தோன்றியது: இவனுக்கு இன்னொரு பெண்டாட்டி இருக்கிறாளோ, முறை வைத்துப் போகிறானோ. அப்படியானால் தன் புருஷன் எந்த இரவு இல்லை என்று கோடு போட்டு வைக்கிற பைத்தியக்காரி யார்? பிறகு சட்டென்று அவள் கையில் சொம்பு கனத்தது. ஒரு ஆள் மாத்திரை சாப்பிட்டால் மறக்கும். இரண்டு பேர் ஒரே டப்பாவிலிருந்து முறை வைத்துச் சாப்பிட்டால், ஒருவர் மறந்தாலும் மற்றவர் ஞாபகப்படுத்திவிடுவார். கணக்குப் பிசகவே பிசகாது.

சொம்பைக் கீழே வைத்தாள். "நேர்க்கோடு யாரு தங்கச்சி? நீயா?"

தியாமிகே முதுகுத் துணியின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"சாய்கோடு அவனா?"

பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. பிள்ள பெத்த அன்னிக்கும் அவரு முறைதான்க்கா. அதனாலதான் தவறல."

எனெலெசி இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய்யைப் பிடித்திருக்கிறாள். உண்மையாகவே எண்ணி, உண்மையாகவே விழுங்கி, உண்மையான கணக்கோடு வந்த ஒருத்தியைப் பொய்க்காரி என்று தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் வந்து நின்றது. லஸ்டன் உள்ளே எட்டிப் பார்த்தான். மனைவியின் கண்ணீர், பாயில் மத்தெம்பாக்காரி, அவளுக்கு எதிரே கரிக்கோடு போட்ட சுவர். அவனுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்க அமாயி" என்றான். வயதில் மூத்த பெண்களுக்குச் சொல்கிற மரியாதைச் சொல்தான், ஆனால் அவன் சொன்ன விதத்தில் அது கல்போல் வந்து விழுந்தது. "புடிச்சிட்டீங்களா? ஒரு ஆளப் புடிச்சா உங்களுக்கு எவ்வளவு தருவாங்க?"

"உக்காரு தம்பி. பேசுவோம்."

"என்ன பேசுறது? ஒரே தட்டுல சோளக்களி தின்னுறோம். ஒரே போர்வையில படுக்குறோம். மருந்த மட்டும் அவ தனியா தின்னணும், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? அவளே எடுத்து நீட்டினா அமாயி. 'எனக்கு இருக்குன்னா உனக்கும் இருக்கும், நீ செத்துட்டா நான் என்ன செய்யிறது'ன்னு சொல்லி நீட்டினா. அது தப்பா?"

"பாதி மாத்திரை கிருமியக் கொல்லாது தம்பி. அதுக்குப் பயிற்சி குடுக்கும். உன் பொண்டாட்டி ரத்தத்துல இப்ப அது ஆடிக்கிட்டு இருக்கு. பிள்ள அவகிட்டதான பால் குடிக்குது?"

அவன் முகம் மாறியது. ஆனால் பிடி தளரவில்லை. "அப்ப நானும் உங்க பெஞ்சுல வந்து உக்காரணும், அதான? தெற்கு மலாவியில பொறந்தவங்கதான நீங்க? இங்க நாங்க எல்லாருமே வீட்டோட மாப்பிள்ளைங்கதான். நான் உங்க பெஞ்சுல உக்காந்தேன்னு தெரிஞ்சா, வெளியூருக்காரன் வந்து எங்க பொண்ணுக்கு வியாதியக் குடுத்துட்டான்னு மில்லுக்கார மாமன் என் போர்வையச் சுருட்டிக் கையில குடுத்துடுவாரு. என் பின்னால சவாரிக்கு யாரு உக்காருவா?"

எனெலெசி தொண்டையைச் செருமினாள். இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். "நானும் ஒன்ன மாதிரிதான் தம்பி பயந்தேன். பதினேழு வருஷமா..."

"பதினேழு வருஷமா இந்த மாத்திரைய முழுங்குறேன்" என்று அவன் எடுத்துக்கொண்டான். கையை இடுப்பில் வைத்து, அவள் குரலிலேயே பேசினான். "ஒரு நாள்கூடத் தவறினது இல்ல. என்னப் பாருங்க, ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கேன். நான் இருக்கிற மாதிரி நீங்களும் இருக்கலாம். சரியா அமாயி? ஒரு வார்த்த விடாம இருக்கா? மாமரத்தடியில உக்காந்து நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் அதே. கொஞ்சங்கூட மாறல. பதினேழு வருஷத்துல ஒரு நாள்கூட மறக்காத மனுஷி எங்க இருக்கா? உங்களுக்கு வியாதியே இல்ல. யாரோ எழுதிக் குடுத்தத ஒப்பிக்கிறீங்க."

மற்றவர்கள் மாத்திரைக் கணக்கு கச்சிதமாக இருந்தால் எனெலெசி நம்பமாட்டாள். அவள் சொல்கிற கதை கச்சிதமாக இருந்தது, அதனால் இவன் நம்பவில்லை. அவள் படித்த அதே பாடத்தை மாமரத்தடியில் உட்கார்ந்து இவனும் படித்திருக்கிறான்.

வெளியே கோழி கத்தியது. தியாமிகே பிள்ளையை முதுகிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது தாயின் மார்பைத் தேடித் தலையை ஆட்டியது. எனெலெசி அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவள்போல் பேச ஆரம்பித்தாள்.

"தவறியிருக்கேன். ஒரு நாள் இல்ல. எட்டு மாசம்."

லஸ்டன் கையை இடுப்பிலிருந்து எடுத்தான்.

"என் வீட்டுக்காரருக்கு நோய் முத்தினதுக்கப்புறம்தான் மாத்திர குடுத்தாங்க. மூணாவது வாரம் செத்துட்டாரு. மாத்திரதான் கொன்னுதுன்னு நான் சந்தேகப்பட்டேன். என் புத்திதான் தெரியுமே. அடுத்து எனக்கும் அதையே குடுத்தாங்க. அப்ப நாளைக்கு ரெண்டு. வாங்கிட்டு வருவேன். கிளினிக் போற நாள் காலையில எண்ணிப் பாத்து, எவ்வளவு இருக்கணுமோ அத மட்டும் வச்சிட்டு, மிச்சத்தக் குழியில போட்டுடுவேன். நர்ஸம்மா மெச்சிக்குவாங்க. இவளப் பாத்துக் கத்துக்கங்கன்னு சொல்லுவாங்க. எனக்கும் கை தட்டினாங்க தம்பி."

அவள் குரல் உடைந்தது. அதை அவளே வெறுத்தவளாக மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒரு பையன் இருந்தான். சிசோமோ. பால் குடிச்சிக்கிட்டு இருந்தான். பொறந்தப்ப அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் குடுத்தேன். ஒவ்வொரு வாயாக் குடுத்தேன். ஒரு வருஷம் நாலு மாசம் இருந்தான். நடக்கப் பழகிட்டிருந்தான். அவன அடக்கம் பண்ணினதுக்கப்புறம்தான் நான் மொத மாத்திரைய உண்மையா முழுங்கினேன். இத நான் பெஞ்சு முன்னாடி சொன்னது இல்ல. யாருகிட்டயும் சொன்னது இல்ல. சொன்னா என்னை வேலையில வச்சிருக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். எழுதிக் குடுத்தத ஒப்பிக்கிறேன்னு சொன்னியே, அது சரிதான். எழுதினது நான்தான்."

தியாமிகே எட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். எனெலெசி கையைத் தட்டிவிடவில்லை.

அவள் எழுந்து கருவாட்டுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். "இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கு. எல்லாத்துலயும் நின்னாத்தான் உங்க வீட்டச் சந்தேகப்படமாட்டாங்க. நீ எப்ப வரணுமோ வா. பின் வாசல் வழியா வா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இவ மட்டும் இன்னிலேருந்து நேர்க்கோடாப் போடணும்."

பாக்கி ஆறு வீட்டையும் முடித்துவிட்டு அவள் தெருமுனைக்கு வந்தபோது லஸ்டன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். பின்மெத்தையைத் துண்டால் தட்டித் துடைத்தான்.

"ஏறுங்க அமாயி."

"என் சைக்கிள் மில்லுல நிக்குது. நடந்து போய் எடுத்துக்கிறேன்."

"அந்தப் பச்சச் சனியன் அங்கயே கெடக்கட்டும். ஏறுங்க. கிளினிக்குக்குப் போவோம்."

எனெலெசி அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன திட்டமோ என்று யோசித்தாள். வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுவானோ, சந்தையில் வைத்துச் சண்டை போடுவானோ. ஆனாலும் ஏறினாள். அவள் கனத்துக்குச் சைக்கிள் முனகியது. தெருவெல்லாம் தலைகள் திரும்பின. கிணற்றடியில் குடங்கள் பாதியில் நின்றன. மத்தெம்பாக்காரி லஸ்டன் பின்னால் உட்கார்ந்து போகிறாள்! கருவாட்டுத் தட்டை மடியில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் இவன் எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மில் முன்னால் அவன் பிரேக் பிடித்தான். எனெலெசிக்குத் திக்கென்றது. இதோ, மனசு மாறிவிட்டான்.

மச்செம்பா வெளியே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கடா மாப்ள?"

லஸ்டன் தொப்பியைக் கழற்றினான். "கிளினிக்குக்கு மாமா. ரத்தம் குடுக்க. தியாமிகேவுக்கும் எனக்கும் இருக்கு. பிள்ளைக்கு வரக்கூடாதுன்னு போறேன். என் போர்வையச் சுருட்டுறதா இருந்தா சுருட்டி வைங்க, சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன்."

உள்ளே மில் ஓடிக்கொண்டே இருந்தது. மச்செம்பா குனிந்து பின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கு" என்றார். "இந்த அம்மாவ ஏத்திக்கிட்டு இந்த டயர்ல போகாத. பம்பு உள்ள இருக்கு, எடுத்து அடிச்சிட்டுப் போ. சாயந்தரம் மூட்ட தூக்க ஆள் வேணும், நேரத்தோட வந்துடு."

லஸ்டன் டயர் கல்போல் ஆகிறவரைக்கும் காற்றடித்தான். மச்செம்பா மரியாதையாகத்தான் பேசினாரா, கேலியா என்று எனெலெசி கிளினிக் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த கிளினிக் நாளில் பாட்டும் ஜெபமும் முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள். "என் பேரு எனெலெசி. எட்டு மாசம் நான் மாத்திரையக் கொட்டினேன்" என்று ஆரம்பித்தாள். சிசோமோவின் பெயரையும் சொன்னாள். யாரும் கை தட்டவில்லை. சிஸ்டர் முசுக்வா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று எனெலெசி மூன்று நாள் காத்திருந்தாள். போகவில்லை. அந்த வாரம் நான்கு பெண்கள் தனித்தனியாக வந்து, தங்கள் மாத்திரை எங்கே போகிறது என்று அவள் காதில் சொன்னார்கள்.

தியாமிகேவுக்கு இப்போது மாதத்துக்கு முப்பது மாத்திரை, இருபத்தெட்டாம் நாள் வர வேண்டும். லஸ்டனுக்கும் தனி டப்பா. குறித்த நாளில் இருவரும் வந்து பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனெலெசி தியாமிகேவின் டப்பாவிலிருந்து பஞ்சை உருவித் தட்டில் கொட்டினாள். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது.

"ரெண்டு நாள் என்ன ஆச்சு?" என்று சிஸ்டர் அதட்டினாள்.

"ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னொரு நாள்..." தியாமிகே தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா மறந்துட்டேன் சிஸ்டர்."

லஸ்டனுக்கு ஐந்து மிச்சம். அவன் இளித்தான். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இருந்தா ஞாபகப்படுத்த ஆளில்லாமப் போச்சு அமாயி."

எனெலெசி அவனை நன்றாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஏட்டில் நான்கு, ஐந்து என்று எழுதினாள். அந்த வீட்டுக் கணக்கில் அவள் நம்பி எழுதிய முதல் எண்கள் அவைதான்.

பிறகு சிஸ்டர் உறையைப் பிரித்தாள். சென்ற மாதம் பிள்ளையின் குதிகாலில் மறுபடி குத்தி எடுத்த ரத்தத்தின் முடிவு. எனெலெசி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் காகிதத்தைச் சிஸ்டரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். பிள்ளையின் பெயர் மயமிகோ. சரி. தாயின் பெயர். சரி. எண், தேதி. சரி. கிருமி இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

"மாறாது அமாயி" என்றான் லஸ்டன். அவன் கண் கலங்கியிருந்தது.

"உனக்குத் தெரியாது" என்றாள் எனெலெசி. கண்ணீர் வழிந்து பிள்ளையின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பால் குடிக்கத் தொடங்கியபின் சிசோமோவுக்கு இப்படி ஒரு காகிதத்தை அவள் வாங்கவே இல்லை. "பால் நிறுத்தினதுக்கப்புறம் இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் நான் இந்தக் காகிதத்த நம்பமாட்டேன்."

அப்படிச் சொன்னாளே தவிர, தியாமிகே கையை நீட்டியபோது பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.